சின்ன கண்டெய்னர் இமேஜ்: கடைசி 70 எம்.பி.க்கு என்ன விலை?

நிரலைப் பொதி கட்டி ஓட்டும் கருவியான டாக்கரைப் பழக ஆரம்பித்த எவரும் முதல் இமேஜைக் கட்டி முடித்ததும் அதன் அளவைப் பார்த்துத் திகைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது 200 வரிப் பைத்தான் நிரல். வெளியே வருவது 1 ஜி.பி. இமேஜ். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஆல்பைனுக்கு மாத்திடுங்க, சின்னதாயிடும்."

ஆல்பைன் என்பது மிகச் சிறிய ஒரு லினக்ஸ் வகை. மாற்றினால் சின்னதாகத்தான் ஆகும். ஆனால் இந்த அறிவுரையோடு சொல்லாமலே மூன்று நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன: சின்ன இமேஜ் வேகமாக ஓடும், சின்ன இமேஜ் பாதுகாப்பானது, அளவு குறைந்தால் வேறெதுவும் மாறாது. முதலாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவது பாதி சரி. மூன்றாவதை நம்பியவர்கள்தான் இரவு 2 மணிக்கு லாக் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

## இமேஜுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு மேன்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். மாடித் தண்ணீர்த் தொட்டி, மின்சார இணைப்பு, படிக்கட்டு எல்லாம் எல்லா அறைக்கும் பொது. அறைக்குள் இருக்கும் கட்டில், வாளி, கண்ணாடி மட்டும் அந்தந்த அறைக்காரருக்கு. கண்டெய்னரும் அப்படித்தான். தொட்டியும் மின்சாரமும் போலப் பொதுவாக இருப்பது கர்னல், அதாவது நினைவகம், வட்டு, நெட்வொர்க் எல்லாவற்றையும் கையாளும் லினக்ஸின் மையப்பகுதி. ஒரு கணினியில் 50 கண்டெய்னர்கள் ஓடினாலும் கர்னல் ஒன்றுதான். அறைக்குள் இருக்கும் சாமான் மூட்டைதான் இமேஜ்: உங்கள் நிரல், அதற்கு வேண்டிய லைப்ரரிகள், சில கட்டளைகள், சில அமைப்புக் கோப்புகள். அந்த மூட்டையைப் பிரித்து, மற்றவர்களிடமிருந்து தனியாக ஓடவிட்ட நிரல்தான் கண்டெய்னர்.

ஆக, இமேஜில் கர்னல் கிடையாது. அதனால்தான் ஒரு "லினக்ஸ்" 8 எம்.பி.யில் அடங்குகிறது. கர்னலைத் தவிர மற்றதில் எவ்வளவை எடுத்துவிட்டார்கள் என்பதைப் பொறுத்து ஐந்து வகை அடிக்கடி கண்ணில் படும்.

டெபியன் என்ற பிரபல லினக்ஸ் வகையின் இமேஜ் சுமார் 120 எம்.பி. அதிலிருந்து ஆவணங்களையும் பிற மொழிக் கோப்புகளையும் உருவிவிட்ட டெபியன் ஸ்லிம் சுமார் 75. ஆல்பைன் சுமார் 8 எம்.பி. இதில் பெரும்பாலான கட்டளைகளுக்குப் பதில் பிஸிபாக்ஸ் என்ற ஒரே ஒரு நிரல் இருக்கும். நூற்றுக்கணக்கான கட்டளைகளின் சுருக்க வடிவம் அதற்குள். கூகுள் 2017-இல் வெளியிட்ட டிஸ்ட்ரோலெஸ் வகையில் ஷெல்லே கிடையாது. ஷெல் என்றால் நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல். டிஸ்ட்ரோலெஸின் மிகச் சிறிய இமேஜ் சுமார் 2 எம்.பி. எல்லாவற்றுக்கும் கீழே ஸ்க்ராட்ச். அது வெறும் வெற்றிடம், 0 பைட். உங்கள் நிரலைத் தவிர ஒரு கோப்புகூட இருக்காது.

(இமேஜ்களைச் சேமித்து வைக்கும் இணையக் களஞ்சியமான ரெஜிஸ்ட்ரியின் பக்கத்தில் ஒரு அளவும் உங்கள் கணினியில் வேறு அளவும் காட்டுகிறதே என்று குழம்ப வேண்டாம். ரெஜிஸ்ட்ரி காட்டுவது சுருக்கிய அளவு. இறக்கிப் பிரித்தபின் அது இரண்டு மூன்று மடங்காகும்.)

## அளவு குறைந்தால் என்ன கிடைக்கிறது?

பைத்தானின் அதிகாரபூர்வ இமேஜ் சுமார் 1 ஜி.பி. அதன் ஸ்லிம் வகை சுமார் 120 எம்.பி. ஆல்பைன் வகை சுமார் 50. பதிப்புக்குப் பதிப்பு இந்த எண்கள் கொஞ்சம் மாறும், விகிதம் மாறாது. முதல் படியிலேயே ஏறக்குறைய 900 எம்.பி. போய்விட்டது. போனது என்ன? மூலக் குறியீட்டை ஓடக்கூடிய நிரலாக மாற்றும் சி கம்பைலர், அதற்கு வேண்டிய ஹெடர் கோப்புகள், கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி, இன்னும் பல கட்டுமானச் சாமான்கள். ஓடும் நேரத்தில் உங்கள் நிரல் இவற்றைத் தொடுவதே இல்லை. இழப்பு என்று சொல்ல அனேகமாக ஒன்றுமில்லை.

ஸ்லிமிலிருந்து ஆல்பைனுக்குப் போகும் இரண்டாவது படியில் கூடுதலாகக் கிடைப்பது 70 எம்.பி. இந்தக் கட்டுரையில் வரப்போகும் தொல்லைகளில் பாதிக்கு மேல் அந்த 70 எம்.பி.யில்தான் இருக்கிறது. இன்னும் கீழே டிஸ்ட்ரோலெஸ், ஸ்க்ராட்ச் என்று போனால் அதற்குத் தனி விலை.

அந்த 70-உம் பல இடங்களில் முழுதாக மிச்சமாவதில்லை. காரணம், லேயர். இமேஜ் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோப்புத் தொகுப்புகள். ஒவ்வோர் அடுக்கும் ஒரு லேயர். ஒரே அடிப்படை லேயரைப் பயன்படுத்தும் 20 சேவைகள் ஒரு கணினியில் இருந்தால், அந்த லேயர் ஒரே முறைதான் இறங்கும், ஒரே முறைதான் வட்டில் இருக்கும். பட்டியலில் 20 × 75 = 1,500 எம்.பி. என்று தெரிந்தாலும் வட்டில் பிடிப்பது 75 மட்டும்.

வேகத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இன்னும் குறைவு. இமேஜ் அளவு நினைவக அளவு இல்லை. யாரும் திறக்காத கோப்பு வட்டில் தூங்கும், அவ்வளவுதான். அளவு வேலை காட்டும் இடம் ஒன்று உண்டு: இமேஜ் முதல்முறையாக ஒரு புதிய கணினியில் இறங்கும்போது. கூட்டம் வந்ததும் புதுக் கணினிகள் தானாகச் சேரும் அமைப்பிலோ, மெதுவான இணைப்பில் கிடக்கும் சிறு கருவிகளிலோ இது பெரிய விஷயம். ஒரே சர்வரில் மாதக்கணக்கில் ஓடும் சேவைக்கு இது கணக்கிலேயே வராது.

லேயரில் புதியவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு லேயரில் சேர்த்த கோப்பை அடுத்த லேயரில் அழித்தால் அது மறையும், போகாது. அளவும் குறையாது. அழித்தது கடவுச்சொல் கோப்பு என்றால், இமேஜ் கையில் கிடைத்தவர் அதைத் தோண்டி எடுக்கலாம். இதற்குச் சரியான வழி பலகட்டக் கட்டுமானம்: ஓர் இமேஜில் கம்பைல் செய்துவிட்டு, விளைந்த கோப்பை மட்டும் இன்னோர் இமேஜுக்கு நகலெடுப்பது. டாக்கரில் 2017 முதல் இருக்கிறது. இமேஜ் ஊதிப்போயிருக்கிறது என்று வருபவர்களில் பலருக்கு அடிப்படை இமேஜைத் தொடாமலே இதுவே போதும்.

இதுவரை பார்த்தது: கம்பைலரையும் கட்டுமானச் சாமானையும் வெளியே வைத்தால் பெரும்பங்கு எடை குறைகிறது, அதில் ஆபத்து இல்லை. அதற்குப் பிறகு வரும் சிறு குறைப்புதான் நிரலின் அடித்தளத்தைத் தொடுகிறது.

## ஆல்பைன் சின்ன டெபியன் இல்லை

புரிதல் பிசகும் முக்கியமான இடம் இது. ஆல்பைன் என்றால் டெபியனில் தேவையற்றதை நீக்கிய வடிவம் என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நீக்கியதோடு நிற்கவில்லை, அடியில் ஒன்றை மாற்றியும் இருக்கிறார்கள். அதுதான் சி லைப்ரரி.

எந்த மொழியில் எழுதினாலும், கோப்பைத் திற, நினைவகம் கொடு, இந்தப் பெயருக்கு என்ன ஐ.பி. முகவரி என்று நிரல் கேட்பது பெரும்பாலும் நேராகக் கர்னலை இல்லை. நடுவில் ஒரு லைப்ரரி நின்று அந்த வேலைகளைச் செய்து கொடுக்கிறது. அதுதான் சி லைப்ரரி. பைத்தான், ரூபி, நோட், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் எல்லாமே இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. டெபியன், உபுண்டு, ரெட்ஹாட் எல்லாம் ஜிலிப்சி என்ற குனு சி லைப்ரரியைப் பயன்படுத்துகின்றன. ஆல்பைன் 2014-இலிருந்து மஸ்ல் என்ற இன்னொன்றைப் பயன்படுத்துகிறது. மஸ்ல் சிறியது, சுத்தமாக எழுதப்பட்டது. அதன் குறியீட்டைப் படித்தவர்கள் பலரும் பாராட்டுவார்கள், அது நியாயமும்கூட. ஆனால் உலகத்தில் கம்பைல் ஆகிக் கிடக்கும் லினக்ஸ் நிரல்களில் பெரும்பாலானவை ஜிலிப்சியை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை.

விளைவு எப்படித் தெரியும்? உபுண்டுவில் கம்பைல் செய்த ஒரு நிரலை ஆல்பைன் இமேஜுக்குள் நகலெடுத்து ஓட்டுகிறீர்கள். வரும் பிழை: "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி." கோப்பு இல்லையாம். பட்டியல் போட்டால் கோப்பு கண்முன் இருக்கிறது. இயக்கும் அனுமதியும் இருக்கிறது. பாதையைத் திருத்துவார்கள், மறுபடி கட்டுவார்கள், மறுபடி அதே பிழை. நடப்பது இதுதான்: இப்படிக் கம்பைல் செய்த பெரும்பாலான நிரல் கோப்புகளின் தலைப்பிலும் "என்னை ஓட்டும் முன் இந்த லோடரை அழை" என்று ஒரு பாதை எழுதியிருக்கும். லோடர் என்பது நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி இணைத்துத் தரும் சிறு நிரல். அந்தப் பாதையில் ஜிலிப்சியின் லோடர் ஆல்பைனில் கிடையாது. இல்லை என்று கர்னல் சொல்வது அந்த லோடரைத்தான். பிழைச் செய்தியோ உங்கள் நிரலின் பெயரைப் போட்டு வருகிறது.

இது நல்ல வகைத் தொல்லை. முதல் நொடியிலேயே விழுந்துவிடும், சரிசெய்துவிடலாம். ஓடிக்கொண்டே படுத்தும் வகைதான் மோசம்.

பெயர்த் தேடலை எடுத்துக்கொள்வோம். ஒரு கணினிப் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றுவது டி.என்.எஸ். இரண்டு டி.என்.எஸ். சர்வர்கள் கொடுத்திருந்தால், ஜிலிப்சி முதலாவதைக் கேட்கும், அது பதில் தராவிட்டால்தான் இரண்டாவதிடம் போகும். மஸ்ல் எல்லாரையும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வந்த பதிலை ஏற்கும். வேகத்துக்கு நல்லதுதான். ஆனால் முதலாவது அலுவலகத்தின் உள் சர்வர், இரண்டாவது பொதுச் சர்வர் என்று வைத்திருந்தால்? உள்வட்டப் பெயர் ஒன்றைத் தேடும்போது பொதுச் சர்வர் முந்திக்கொண்டு "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொல்லிவிடும். தேடல் தோற்கும். அடுத்த முறை உள் சர்வர் முந்தும், வேலை நடக்கும். சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ஓடவில்லை என்ற வகைப் புகார்களில் இது ஒன்று. டி.என்.எஸ். பதில் பெரிதாக இருந்தால் டி.சி.பி. என்ற வேறொரு நெட்வொர்க் முறை வழியாக மறுபடி கேட்கும் வசதி மஸ்லில் நெடுநாள் கிடையாது. 2023 மே மாதம் வந்த 1.2.4 பதிப்பில்தான் சேர்ந்தது, ஆல்பைன் 3.18 அதோடு வந்தது. அதற்கு முந்தைய ஆல்பைனில் ஓடும் பழைய சேவை கையில் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

திரெட் விஷயமும் உண்டு. ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு வேலையும் ஒரு திரெட். அதற்குத் தற்காலிகக் கணக்குகள் எழுத ஒதுக்கும் நினைவகம் ஸ்டாக். ஜிலிப்சி வழக்கமாக ஒரு திரெட்டுக்கு 8 எம்.பி. வரை ஸ்டாக் தரும். மஸ்ல் தருவது 128 கே.பி. தன்னைத்தானே ஆழமாக அழைத்துக்கொள்ளும் நிரல் டெபியனில் வருடக்கணக்கில் ஓடியிருக்கும். ஆல்பைனில் பெரிய உள்ளீடு வந்த நாளில் செத்துவிழும்.

பைத்தான்காரர்களுக்குத் தனிக் கதை. நம்பை, பாண்டாஸ் போன்ற லைப்ரரிகளின் உள்ளே சி குறியீடு நிறைய. அவற்றை முன்கூட்டியே கம்பைல் செய்து வீல் என்ற பொதியாகத் தருகிறார்கள், பைத்தானின் நிறுவும் கருவியான பிப் அதை இறக்கிப் பிரித்தால் போதும். பல ஆண்டுகள் இந்த வீல்கள் ஜிலிப்சிக்கு மட்டுமே இருந்தன. ஆல்பைனில் பிப் வேறு வழியின்றி மூலக் குறியீட்டை இறக்கி அங்கேயே கம்பைல் செய்யும். அதற்குக் கம்பைலரைச் சேர்க்க வேண்டும், நேரமும் போகும், முடிவில் இமேஜ் ஸ்லிமைவிடப் பெரிதாகவும் ஆகலாம். 2021-இல் மஸ்லுக்கான வீல் முறை ஏற்கப்பட்டது, இப்போது பெரிய லைப்ரரிகள் பல இரண்டுக்கும் தருகின்றன. உங்களுக்கு வேண்டிய சின்ன லைப்ரரி தருகிறதா என்பதுதான் கேள்வி.

## ஒரு தமிழ்ப் பட்டியலும் ஒரு போஸ்ட்கிரஸும்

நம் எழுத்தையே தொடும் உதாரணம் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கலாம்.

கனி, கமலா, கலை என்று மூன்று பெயர்கள். தமிழ் நெடுங்கணக்குப்படி அடுக்கினால் கமலா, கலை, கனி என்று வரும், ஏனென்றால் மெய்யெழுத்துகளில் ன கடைசி. யுனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் கொடுத்த எண்ணின்படி அடுக்கினால் கனி, கமலா, கலை. அங்கே ன-வை ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்பே வைத்துவிட்டார்கள். எண் வரிசையை மொழி வரிசையாக மாற்றும் விதிகளுக்குக் கொலேஷன் என்று பெயர். ஜிலிப்சியிடம் அந்த விதிகள் இருக்கின்றன. மஸ்ல் அந்த வேலையைச் செய்வதில்லை. எண்ணைப் பார்த்து அடுக்கிவிடும்.

போஸ்ட்கிரஸ் வழக்கமான அமைப்பில் இந்த வேலையைச் சி லைப்ரரியிடம்தான் விடுகிறது. ஆக, அதே போஸ்ட்கிரஸ் பதிப்பு, அதே அட்டவணை, அதே கேள்வி. டெபியன் வகை இமேஜில் கனி கடைசியில், ஆல்பைன் வகையில் கனி முதலில். வாக்காளர் பட்டியலோ மாணவர் பட்டியலோ அச்சடிக்கும்போது யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்டுபிடிக்க முடியாதது வேறு ஒன்று. டெபியன் இமேஜில் ஓடிய டேட்டாபேஸின் தரவுக் கோப்புறையை அப்படியே வைத்துக்கொண்டு இமேஜை மட்டும் ஆல்பைனுக்கு மாற்றுகிறார்கள். இண்டெக்ஸ் என்பது தேடல் வேகத்துக்காக முன்பே அடுக்கி வைத்த பட்டியல். அது பழைய வரிசையில் அடுக்கியிருக்கிறது. தேடுவதோ புதிய வரிசையில். கனியைத் தேடினால் இடப்பக்கம் பார்க்கும், அவள் வலப்பக்கம் இருப்பாள். "பதிவு இல்லை" என்று பதில் வரும். இல்லை என்று நம்பி இன்னொரு கனியைச் சேர்த்தால், ஒரே பெயர் இருமுறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் அதே இண்டெக்ஸை நம்பியிருப்பதால் ஏமாந்துவிடும். டேட்டாபேஸ் நிற்காது, கதறாது. புதிய பதிப்புகளில் கொலேஷன் பதிப்பு பற்றி ஓர் எச்சரிக்கை வரி வரும். எச்சரிக்கை வரியை யார் படிக்கிறார்கள்?

டேட்டாபேஸின் அடிப்படை இமேஜை மாற்றத்தான் வேண்டும் என்றால் தரவை டம்ப் எடுத்து, அதாவது முழுவதையும் ஒரு கோப்பாக வெளியே எழுதி, புதியதில் ஏற்றுங்கள், அல்லது குறைந்தபட்சம் எல்லா இண்டெக்ஸையும் மறுபடி கட்டுங்கள். ஆல்பைன் வகையிலேயே தமிழ் வரிசை வேண்டுமென்றால் போஸ்ட்கிரஸ் 15 முதல் அந்த இமேஜில் ஐ.சி.யூ. கொலேஷனைத் தேர்ந்தெடுக்கலாம், அது சி லைப்ரரியை நம்பாமல் தன் சொந்த விதிகளோடு வரும். என்னைக் கேட்டால், டேட்டாபேஸுக்கு ஆல்பைன் வேண்டவே வேண்டாம். பல ஜி.பி. தரவை வைத்திருக்கும் ஒன்றில் சில நூறு எம்.பி. மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்?

## ஸ்க்ராட்சில் எதெல்லாம் இல்லை?

கோ மொழியில் எழுதியவர்களுக்கு ஸ்க்ராட்ச் கவர்ச்சியானது. சி லைப்ரரியே வேண்டாம் என்று கம்பைல் செய்துவிட்டால் ஒரே கோப்பு, அதை மட்டும் வைத்து இமேஜ் கட்டிவிடலாம். ஓடவும் செய்யும். பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

வெளியே ஒரு பணப் பரிவர்த்தனைச் சேவையை எச்.டி.டி.பி.எஸ். வழியாக அழைத்தால் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று பிழை. எந்தச் சான்றிதழ் நிறுவனங்களை நம்பலாம் என்ற பட்டியல் சாதாரண இமேஜில் ஒரு கோப்பாக இருக்கும், இங்கே இல்லை. இதற்குச் சிலர் செய்யும் "தீர்வு" சரிபார்ப்பையே அணைத்துவிடுவது. தயவுசெய்து வேண்டாம், பாதுகாப்புக்காகச் சின்ன இமேஜுக்கு வந்துவிட்டுப் பூட்டையே கழற்றிப் போடுகிற வேலை அது.

நேர மண்டலப் பட்டியலும் இல்லை. ஆல்பைனிலும் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். "ஆசியா/கொல்கத்தா" என்று சூழல் மாறியில் எழுதி வைத்திருப்பீர்கள். பட்டியல் கிடைக்காததால் பிழையே காட்டாமல் உலகப் பொது நேரமான யு.டி.சி.க்குப் போய்விடும். காலை 6 மணிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை 11:30-க்குப் போகும். கோ மொழியில் 2020 முதல் இந்தப் பட்டியலை நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்ட வழி உண்டு.

தற்காலிகக் கோப்புறை இல்லாததால் கோப்புப் பதிவேற்றம் தோற்கும். பயனர் பட்டியல் கோப்பு இல்லாததால் பயனரைப் பெயரால் குறிப்பிட முடியாது, எண்ணால் குறிப்பிட வேண்டும். டிஸ்ட்ரோலெஸின் சிறிய இமேஜ் சான்றிதழ்ப் பட்டியல், நேர மண்டலம், தற்காலிகக் கோப்புறை, ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கு அல்லாத ஒரு பயனர் இவ்வளவையும் வைத்துக்கொண்டு 2 எம்.பி.தான். அதனால் ஸ்க்ராட்சுக்குப் போவதற்கு நல்ல காரணம் எனக்கு அபூர்வமாகத்தான் தெரிகிறது.

அப்புறம் கட்டளைகள். ஆல்பைனில் பாஷ் என்ற பரவலான ஷெல் கிடையாது. முதல் வரியில் பாஷைக் கேட்கும் ஸ்கிரிப்ட் "இல்லை" என்று விழும். பிஸிபாக்ஸின் டேட் கட்டளையிடம் "நேற்று" என்று கேட்டால் புரியாது. கண்டெய்னர் நலமா என்று பார்க்க டாக்கர் ஹெல்த்செக்கில் கர்ல் என்ற, இணைய முகவரியை அழைத்துப் பார்க்கும் கட்டளையை எழுதியிருந்தால், இமேஜில் கர்ல் இல்லாததால் சோதனையே தோற்கும், நல்லபடி ஓடும் சேவை நலமில்லை என்று பட்டியலில் நிற்கும். பல கணினிகளில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் எச்.டி.டி.பி. சோதனைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது கண்டெய்னருக்கு வெளியிலிருந்து கேட்கிறது.

சுருக்கமாக: ஆல்பைனில் அடித்தளம் மாறுகிறது, ஸ்க்ராட்சில் கோப்புகள் காணாமல் போகின்றன. முதல் வகைத் தொல்லை தெரிய நாளாகும். இரண்டாவது வகை, ஒரு பட்டியல் போட்டுச் சோதித்தால் ஒரு மதியத்தில் தீர்ந்துவிடும்.

## பாதுகாப்பு: எவ்வளவு உண்மை?

பாதி உண்மை என்று சொன்னேன். உண்மையான பாதி இது: இல்லாத நிரலில் ஓட்டை இருக்க முடியாது. 2014-இல் பாஷில் ஷெல்ஷாக் ஓட்டை வந்தபோது பாஷே இல்லாத அமைப்புக்குக் கவலை இருந்திருக்காது. உள்ளே புகுந்தவருக்கு ஷெல்லோ கர்லோ நிரல்களை நிறுவித் தரும் பேக்கேஜ் மேலாளரோ கிடைக்காவிட்டால் அடுத்த அடி எடுத்து வைப்பதும் கடினம்.

மறுபாதிக்கு வருவோம். 2021 டிசம்பரில் வந்த லாக்4ஷெல் ஓட்டை ஜாவா லைப்ரரி ஒன்றில் இருந்தது. அது உங்கள் நிரலோடு வருவது; அடிப்படை இமேஜ் 2 எம்.பி.யாக இருந்தாலும் 200 ஆக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். 2022-இன் டர்ட்டி பைப் ஓட்டை கர்னலில் இருந்தது. கர்னல் இமேஜிலேயே இல்லை. டிஸ்ட்ரோலெஸ் பைத்தான் இமேஜில் ஷெல் இல்லை என்று நிம்மதி அடைபவர்களுக்கு ஒன்று: பைத்தான் இருக்கிறதே. அதை வைத்து ஷெல் செய்வதையெல்லாம் செய்யலாம். சின்ன இமேஜிலும் தவறு நடக்கும் என்பதற்கு ஆல்பைனே சாட்சி. 3.3 பதிப்பிலிருந்து அதன் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ்களில் ரூட் பயனரின் கடவுச்சொல் காலியாகவே இருந்தது என்று 2019 மே மாதம் வெளியானது.

அதிகம் ஏமாற்றுவது ஸ்கேனர் அறிக்கை. ஸ்கேனர் என்பது இமேஜுக்குள் அறியப்பட்ட ஓட்டைகள் உள்ள நிரல்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் கருவி. அது முக்கியமாகப் படிப்பது, எந்தெந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பில் நிறுவப்பட்டிருக்கிறது என்று பேக்கேஜ் மேலாளர் எழுதி வைத்த பட்டியலை. ஸ்க்ராட்சில் அந்தப் பட்டியல் இல்லை. குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லின் பழைய பதிப்பை நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கம்பைல் செய்து ஸ்க்ராட்சில் போட்டால் ஸ்கேனர் பூஜ்யம் காட்டக்கூடும். ஓட்டை இல்லை என்பதும் ஸ்கேனருக்குத் தெரியவில்லை என்பதும் அறிக்கையில் ஒரே மாதிரிதான் தெரியும். கோ நிரல்கள் தங்களுக்குள்ளேயே லைப்ரரிப் பட்டியலை வைத்திருப்பதால் பல ஸ்கேனர்கள் அதைப் படித்துவிடுகின்றன. சி நிரல்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இமேஜ் அளவைவிட முன்னால் பார்க்க வேண்டியவை: நிரல் ரூட்டாக ஓடுகிறதா, டாக்கருக்குக் கட்டளை கொடுக்கும் வாசலான அதன் சாக்கெட்டைக் கண்டெய்னருக்குள் திறந்து விட்டிருக்கிறீர்களா, கர்னல் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது. இவற்றைச் சரிசெய்வதில் அளவு குறைக்கும் பெருமிதம் கிடைக்காது என்பதால் யாரும் முதலில் தொடுவதில்லை.

## ஷெல் இல்லாமல் எப்படி எட்டிப் பார்ப்பது?

சேவை படுத்துவிட்டது, கண்டெய்னருக்குள் போய்ப் பார்க்கலாம் என்று வழக்கமான எக்ஸெக் கட்டளை கொடுத்தால், ஷெல் இல்லை என்று திருப்பி அனுப்பும். டிஸ்ட்ரோலெஸில் முதன்முதலாக எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. வழி இருக்கிறது. குபர்நெட்டிஸில் ஓடும் பாடுக்குள், அதாவது சேர்ந்து ஓடும் கண்டெய்னர்களின் கூட்டுக்குள், கருவிகள் நிறைந்த ஒரு தற்காலிகக் கண்டெய்னரைச் சேர்த்துப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். 2022-இல் வந்த 1.25 பதிப்பிலிருந்து இது நிலையான வசதி. டிஸ்ட்ரோலெஸ் இமேஜ்களுக்கே "டீபக்" என்ற டேக்கில் பிஸிபாக்ஸ் ஷெல்லோடு ஒரு வகை உண்டு. எதுவானாலும் ஓர் அமைதியான நாளில் ஒருமுறை செய்து பழகுங்கள். அந்த அனுமதி உங்கள் கணக்குக்கு இருக்கிறதா என்பதே பல இடங்களில் பிரச்சினை வந்தபிறகுதான் தெரிகிறது.

## எங்கே தொடங்கலாம்?

பைத்தான், ரூபி, நோட் என்றால் ஸ்லிம் வகையில் தொடங்குங்கள், பலகட்டக் கட்டுமானத்தோடு. நோட்டின் மஸ்ல் ஆதரவை அந்தத் திட்டமே சோதனை நிலை என்றுதான் வகைப்படுத்துகிறது என்பதையும் கவனியுங்கள். சி லைப்ரரியைத் தொடாத கோ நிரல் என்றால் டிஸ்ட்ரோலெஸ் சிறியது தாராளம். நிரலை ஆல்பைனிலேயே கம்பைல் செய்து ஆல்பைனிலேயே ஓட்டுகிறீர்கள், உங்கள் லைப்ரரிகளும் அதில் சோதிக்கப்பட்டவை என்றால் ஆல்பைன் அருமையான தேர்வு. அதைத் திட்ட இங்கே வரவில்லை. சின்னதும் வேண்டும், ஜிலிப்சியும் வேண்டும் என்பவர்களுக்கு உபுண்டுவின் சிசல்ட் இமேஜ்களும் வுல்ஃபியும் இருக்கின்றன.

ஆல்பைனில் பேக்கேஜ் பதிப்பை அச்சு அசலாக எண்ணிட்டு, இமேஜ் கட்டும் குறிப்பான டாக்கர்ஃபைலில் எழுதும் பழக்கம் வேண்டாம். புதிய திருத்தம் வந்ததும் பழைய பேக்கேஜைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்; நேற்று கட்டிய இமேஜ் இன்று கட்ட வராது. எண்ணிட வேண்டியது அடிப்படை இமேஜின் பதிப்பை. "லேட்டஸ்ட்" என்று விட்டால் ஒருநாள் சி லைப்ரரி உட்பட எல்லாம் கேட்காமல் மாறும். எண்ணிட்டுவிட்டு மறந்தாலும் ஆபத்து: ஆல்பைனின் ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 2 ஆண்டுகள்தான் திருத்தங்கள் வரும். அந்தப் பதிப்பு எண்ணுக்கு மேலேயே ஒரு கமெண்டில் கடைசித் தேதியை எழுதி வையுங்கள், வாரம் ஒருமுறை இமேஜ் தானாக மறுகட்டுமானம் ஆகும்படி தானியங்கிக் கட்டுமான அமைப்பான சி.ஐ.யில் ஒரு வேலையும் போட்டுவிடுங்கள்.